இரவல் போன வெள்ளி

கலாவதிக்கு இல்லை என்று சொல்ல வராது. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் இது தெரிந்த விஷயம். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குப் பிளவுஸில் கை நுழையவில்லை என்றால் கலாவதி. மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றால் கலாவதி. மீனாட்சி கோவிலில் புளியோதரை கிளற ஒரு கை குறைகிறது என்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். "உம் பேர மாத்தி 'சரிங்க'ன்னே வெச்சரலாம்" என்று அவள் கணவர் கருப்பசாமி கேலி செய்வார். செய்துவிட்டு, சட்டையில் அறுந்த பொத்தானையும் அவளிடமே நீட்டுவார்.

கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு டெக்சாஸ் வந்தாள். அந்த விசாவில் வந்த மனைவிமார் வேலைக்குப் போகக்கூடாது. பி.காம். படித்து, தையலும் கற்றுக்கொண்டு வந்த பெண் பதினோரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கிரீன் கார்டு வந்த அடுத்த வாரமே ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் ஓர் ஆல்டரேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சாஃப்ட்வேர்காரன் பெண்டாட்டி கண்டவன் பேன்ட்டுக்கு விளிம்பு அடிப்பதா என்று கருப்பசாமி முனகிப் பார்த்தார். அந்த ஒரு தடவை மட்டும் அவள் சரிங்க என்று சொல்லவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அதே கடைக்கு கைஷா வந்தாள். நைஜர் நாட்டில், சகாராப் பாலைவனத்தின் ஓரம் அகதேஸ் என்று ஓர் ஊர். அங்கே துவாரெக் என்கிற இனத்தைச் சேர்ந்தவள். நெடுநெடுவென்று உயரம், ஐம்பதைத் தொடுகிற வயது, தலையை மூடித் தோளில் புரளும் கருநீலத் துணி. புருஷனோடு ஹூஸ்டன் வந்து, அவன் ஒத்துவரவில்லை என்று அவனை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தாள். அனுப்பிவிட்டேன் என்றுதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் கூடாரம் பெண்ணுடையது, வெளியே போக வேண்டியவன் ஆண்தான் என்று அவள் விளக்கியபோது கலாவதி கையில் இருந்த ஊசியை மறந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் முதல் நாள் கலாவதியின் கண் போனது அவள் போட்டிருந்த நகை மேல்தான். கழுத்து, காது, கை எல்லாம் வெள்ளி. நாலு முனையும் கூராக இருக்கும் ஒரு பதக்கம், கனமான காப்பு, மார்பில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளிப் பெட்டி. தலைத்துணியின் நுனியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சாவி. துணி காற்றில் பறக்காமல் இருக்க அந்தச் சாவியை முதுகுப் பக்கம் எறிந்துகொள்வார்களாம். எதைத் திறக்கிற சாவி என்று கேட்டதற்கு, எதையும் திறக்காது, வீட்டுக்குச் சொந்தக்காரி நான் என்று காட்டத்தான் என்றாள் கைஷா. சாவிக்கொத்தை இடுப்பில் செருகியே பழகிய ஊரிலிருந்து வந்தவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

தங்கமே இல்லையா என்று கலாவதி பச்சையாகவே கேட்டாள். நம் ஆட்களுக்கு அதில் கூச்சம் கிடையாது. தங்கம் எங்களுக்கு ஆகாது, கெடுதல் கொண்டுவரும், வெள்ளிதான் சுத்தம் என்றாள் கைஷா. கலாவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் ஊரில் வெள்ளியைக் காலில்தான் போடுவோம் என்று சொல்லித் தன் மெட்டியைக் காட்டினாள். கைஷா அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வெள்ளியையா, காலிலா, மண்ணிலா என்று அவள் கேட்ட விதத்தில் கலாவதி விரலை மடக்கி மெட்டியை மறைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இருவருக்குமே அரைகுறை இங்கிலீஷ், ஆனால் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

போன நவம்பரில் கைஷாவின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்தது. அவள் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. தலைநகரில் இறங்கி அகதேஸ் போகிற நெடுஞ்சாலையில் வழிப்பறி அதிகம், நகையோடு போவது புத்தியில்லை. அவள் இருந்ததோ மூன்று பேரோடு பங்கிட்டுக்கொண்ட அபார்ட்மென்ட். ஆகவே ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிக் கருநீலத் துணியில் முடிந்து கலாவதியிடம் கொடுத்தாள்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னாள். பதக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். வட்டம், புள்ளி, கோடு என்று அவர்கள் மொழி எழுத்து, யாரோ கோலம் போட ஆரம்பித்து நடுவில் எழுந்து போன மாதிரி. 'இது நான், கைஷா' என்று எழுதியிருக்கிறதாம். இன்னொன்று அந்த வெள்ளிப் பெட்டி. கைஷாவின் முதல் குழந்தை தவறிப்போய், இரண்டாவது வயிற்றில் இருந்தபோது அவள் அம்மா ஓதுகிற ஒருவரிடம் காப்புத் தாள் எழுதி வாங்கினாள். அதே தாளின் அடியில் தானும் தன் கையால் ஒரு வரி எழுதி, மடித்து உள்ளே வைத்து, பெட்டியை அடைத்து மூடச் சொல்லிவிட்டாள். அந்த வரி என்ன என்று கைஷாவுக்கே தெரியாது. மூடியதைத் திறக்கக்கூடாது. அந்தப் பிள்ளை பிழைத்து, இப்போது டாலஸில் லாரி ஓட்டுகிறான்.

எங்களிடமும் தாயத்து உண்டு, எனக்குச் சொல்லவே வேண்டாம் என்றாள் கலாவதி. கைஷாவின் உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தினாள். பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தபோது உள்ளே தாள் லேசாகச் சலசலத்தது.

இனிமேல் வருவதற்கு அவளைக் குற்றம் சொல்லிப் பேசுவது சுலபம். நானும் சொல்வேன், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு. கலாவதியின் தங்க நகையெல்லாம் பேங்க் லாக்கரில் இருந்தது. கைஷாவின் மூட்டை அவள் வீட்டுப் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்கும் கற்பூர டப்பாவுக்கும் பக்கத்தில், பூட்டு இல்லாமல் இருந்தது. மரியாதை இல்லாமல் அல்ல, சாமிக்குப் பக்கத்தில் வைத்ததே மரியாதையால்தான். ஆனால் வெள்ளியை யாராவது லாக்கரில் வைப்பார்களா என்கிற நினைப்பும் கூடவே இருந்தது. வெள்ளியை எவரும் நகை என்று கணக்கில் சேர்க்காத வீட்டில் பிறந்தவள் அவள்.

தை மாதம் ஷ்யாமளா வந்தாள். ஷ்யாமளா யார் என்று சொல்லியாக வேண்டும். சென்னைக்காரி, கலாவதியைவிட ஐந்து வயது மூத்தவள், பக்கத்துத் தெருவில் இருபது வருட வாசம். மகள் ரோஷினி பிறந்தபோது கலாவதியின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. நாற்பது நாள் பூண்டுக்குழம்பும் பத்திய ரசமும் வைத்துக் கொண்டுவந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டது இந்த ஷ்யாமளாதான். பேச்சும் சாமர்த்தியமும் ஜாஸ்தி. சேலை விற்றாள், மெழுகுவர்த்தி விற்றாள், இரண்டு வருடமாக இன்டர்நெட்டில் ஃபேஷன் நகை விற்கிறாள். அவளிடம் கலாவதி எதையும் மறைத்ததில்லை.

பூஜை அலமாரி திறந்திருந்தது. மூட்டையைப் பார்த்து என்னவென்று கேட்டாள், கலாவதி பிரித்துக் காட்டினாள். ஷ்யாமளா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அடுத்த சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பெண்கள் மேடையில் நடந்து வருகிற நிகழ்ச்சி இருக்கிறது, ஒரே ஒரு சாயங்காலம் போட்டுக்கொண்டு தருகிறேன் என்றாள்.

நம் பெண்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணம் காட்சி என்றால் ஒருத்தி நகையை இன்னொருத்தி கேட்பாள், கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டும். யோசித்தாலே அவமானம். கலாவதியின் கல் அட்டிகை ஷ்யாமளாவின் மகன் ஷ்ரேயஸின் பூணூல் விழாவைப் பார்த்திருக்கிறது, ஷ்யாமளாவின் முத்துமாலை ரோஷினியின் பள்ளி விருந்துக்குப் போய்வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் கலாவதி தவறினாள். தன்னுடையது அல்லாத ஒன்றை இரவல் கொடுக்க முடியாது என்பதே அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றவில்லை. பெட்டியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, இது தாயத்து, இது வேண்டாமே அக்கா என்றாள். அது இல்லாமல் செட் மூளியாக இருக்கும் என்றாள் ஷ்யாமளா. கலாவதியின் விரல் தளர்ந்தது.

ஒரு சாயங்காலம் ஒன்பது நாளாயிற்று. ஒன்பதாம் நாள் ஷ்யாமளா மூட்டையோடும் ஒரு டப்பா மைசூர்பாகோடும் வந்தாள். நகையெல்லாம் பளிச்சென்று வெளுத்திருந்தது. செதுக்கலின் இடுக்கில் படிந்திருந்த கருமை போய்விட்டது. சும்மா கொடுக்கக்கூடாது என்று பாலிஷ் போட்டேன் என்றாள். கலாவதி மனம் குளிர்ந்துபோய் நன்றி சொன்னாள். கைஷா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே மூட்டையை அலமாரியில் வைத்தாள். மைசூர்பாகு நன்றாக இருந்தது, அன்றைக்கே பாதி தீர்ந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிரசாதக் கூடத்து வரிசையில் கலாவதிக்கு முன்னால் மாளவிகா என்கிற பெண் நின்றாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், கலாவதியிடம் ஒரு முறை சுடிதார் பிடித்துக்கொண்டு போனவள். திரும்பி, எப்படி இருக்கீங்க ஆன்ட்டி என்றாள். அவள் கழுத்தில் நாலு முனைப் பதக்கம்.

நாம் யாரும் கேட்டுவிட்டுத் தொடுகிற ஜாதி இல்லை. கலாவதி பதக்கத்தைக் கையில் எடுத்தாள், நல்லா இருக்கே என்று சொல்லிக்கொண்டே திருப்பினாள். பின்னால் வட்டம், புள்ளி, கோடு. ஓர் எழுத்துப் பிசகாமல், அசல் பதக்கத்தில் கோடு சற்று வழுக்கிப் போயிருந்த இடத்தில் இங்கேயும் வழுக்கியிருந்தது.

"எங்கம்மா வாங்குன?"

"ஷ்யாமளா ஆன்ட்டிகிட்ட. அவங்களே டிசைன் பண்ணது. சகாரா கலெக்‌ஷன். உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி?"

கலாவதி பதக்கத்தைக் கையிலிருந்து விட்டாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். தூணோரம் ஒருத்தி, தண்ணீர்க் குழாய் அருகே ஒருத்தி. வெள்ளியைக் கழுத்தில் போட மாட்டோம் என்று இவள் கைஷாவிடம் பெருமையடித்த அதே ஊர்ப் பெண்கள். கைஷா என்கிற பெயரை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு, அது பெயர் என்றே தெரியாமல், சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து ரோஷினியிடம் சொன்னாள். காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிற மகள் தமிழில் கேட்டுவிட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். போனில் இரண்டு தட்டு தட்டிப் பக்கத்தை நீட்டினாள். ஷ்யாமளா மணல்நிறச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள், தோளில் சாவி, மார்பில் பெட்டி. அது நகல் அல்ல, கைஷாவுடையதேதான். கீழே, பயணங்கள் என் உள்ளத்தில் விதைத்த வடிவங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பயணம் எங்கே போனாள், என் வீட்டுப் பூஜை அலமாரிக்கா என்று கலாவதி கத்தினாள். அவள் குரல் அப்படி உயர்ந்து அந்த வீடு கேட்டதில்லை.

பிறகு அலமாரிக்கு ஓடினாள். பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டினாள். சத்தம் இல்லை. ஒரு பக்கத்து விளிம்பு நெம்பித் திரும்ப அழுத்தப்பட்டிருந்தது, அதன் மேல் பசை பளபளத்தது. நகத்தால் கொஞ்சம் தள்ளினாள், மூடி வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு மாதமாக அவள் தினம் விளக்கேற்றிக் கும்பிட்டது இந்தக் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஷ்யாமளா வீட்டுக்குப் போனாள். ஷ்யாமளா எப்போதும்போலக் காப்பி கலந்து வைத்தாள். மறைக்கவில்லை, அதுதான் கலாவதிக்குத் தாங்கவில்லை. ஹில்கிராஃப்டில் நகை ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் அச்சு எடுத்து, அதை இந்தியாவுக்கு அனுப்பி வார்த்து வாங்கினாளாம். அச்சு எடுக்கும்போது சூடு ஏற்றுவார்கள், உள்ளே தாள் இருந்தால் கருகிப் பொங்கும் என்று அவர் சொன்னதால் பெட்டியைத் திறந்தார்களாம். அழுக்கு இருந்தால் செதுக்கல் அச்சில் விழாது என்றுதான் பாலிஷ். ஆக, இவள் வாயாரச் சொன்ன நன்றி அதற்குத்தான். திருட்டைத் துலக்கிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, மைசூர்பாகும் தின்றிருக்கிறாள்.

"நான் என்ன எடுத்துட்டேன் கலா? குடுத்தது குடுத்தபடி திரும்பி வந்துதா இல்லியா? டிசைன் யார் வீட்டுச் சொத்து? வெள்ளிதானே."

"அந்தத் தாள் எங்கக்கா?"

"அங்க கடைலதான் எங்கியோ... ஒரு பழைய பேப்பர்டி."

கலாவதி காப்பியைத் தொடவில்லை. ஷ்ரேயஸ் கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் காய்ச்சல் வரும். ஷ்யாமளா ஊரிலிருந்து தாயத்து வரவழைத்து, அரைஞாணில் கோத்து, குளிப்பாட்டும்போதுகூடக் கழற்ற விடமாட்டாள். அந்தக் கயிறு நைந்தபோது புதுக் கயிறு முறுக்கிக் கொடுத்தவள் கலாவதி.

"ஷ்ரேயஸ் இடுப்புல கட்டியிருந்தீங்களே. அதை ஒருத்தி நெம்பித் திறந்திருந்தா?"

ஷ்யாமளா டம்ளரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அது வேற" என்றாள்.

அது வேற. அந்த இரண்டு சொல்லில் இருபது வருடம் கழன்று விழுந்தது. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பாள், மன்னிப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் ஷ்யாமளாவுக்குத் தாயத்து என்றால் என்ன என்று இவளைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் திறந்திருக்கிறாள், அது நம் ஆட்களுடையது இல்லை என்பதால். எழுந்தபோது ஷ்யாமளா பின்னாலேயே வந்து, யாரோ ஒரு ஆப்பிரிக்காக்காரிக்காக என்னிடம் சண்டைக்கு வருகிறாயே, நாற்பது நாள் உனக்குச் சமைத்துப் போட்டதெல்லாம் மறந்துவிட்டதா என்றாள். கலாவதி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. நம்பிக் கழுத்தைக் கொடுத்தேன், அறுத்துவிட்டாள் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள்.

ரிப்பேர் கடைக்கும் போனாள். அந்த மனிதர் நல்லவர்தான், ஞாபகம் வைத்திருந்தார். ஏதோ பழைய தாள், பிரித்ததும் மடிப்பில் நொறுங்கியது, அந்த அம்மா குப்பையில் போடச் சொன்னார்கள் என்றார். அதில் ஏதாவது எழுதியிருந்ததா என்று கேட்டாள். மேலே அரபு மாதிரி இருந்தது, கீழே ஏதோ புள்ளியும் வட்டமும் என்றார். அவ்வளவுதான் அந்த வரியைப் பற்றி இந்த உலகத்தில் இனி யாருக்கும் தெரியப்போவது.

மார்ச் கடைசியில் கைஷா வருவதாகச் செய்தி அனுப்பினாள். அம்மா பிப்ரவரியில் போய்விட்டாள், காரியங்கள் முடிந்தன, திங்கட்கிழமை கடைக்கு வருகிறேன் என்று மூன்றே வரி.

கருப்பசாமி வழி சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, பெண்டாட்டி இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாததைப் பார்க்கிறவர். "ஒரு தாளை மடிச்சு உள்ள போட்டு ஒட்டிருடி. அந்தம்மா தொறக்கவே போறதில்ல. பின்ன எப்படித் தெரியும்?" என்றார். ரோஷினி இங்கிலீஷில் அப்பாவைத் திட்டினாள். உண்மையைச் சொல்லிவிடு அம்மா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் வெளியே போயிருந்தபோது கலாவதி ரோஷினியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பெட்டிக்குள் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. மூடிக் காதருகே ஆட்டினால் முன்பு கேட்ட அதே சலசலப்பு. இவ்வளவு சுலபமா என்று அவளுக்குத் திக்கென்றது. ஷ்யாமளாவுக்கும் இப்படித்தான் சுலபமாக இருந்திருக்கும். தாளை வெளியே எடுத்துக் கசக்கி எறிந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் கைஷா புரிந்துகொள்வாள், இருவரும் சேர்ந்து ஷ்யாமளாவைத் திட்டலாம், இந்த ஊரில் தன் வயிற்றெரிச்சலைப் புரிந்துகொள்ள அவளைவிட்டால் யார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிடவும் முடிந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், கடைக்குப் பின்னால் துணிக்கட்டுகள் அடுக்கிய அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கைஷா இளைத்திருந்தாள். அம்மாவைப் பற்றிச் சொன்னாள். கடைசி வாரத்தில் ஒரு நாள், அந்தத் தாளில் என்ன எழுதினாய் என்று கேட்டாளாம். அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. சிரித்துவிட்டு, அது உள்ளே பத்திரமாகத்தானே இருக்கிறது, போதும் என்றாளாம். அதைச் சொல்லும்போது கைஷாவும் சிரித்தாள். கலாவதிக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மூட்டையை வைத்தாள். கைஷா முடிச்சை அவிழ்த்ததுமே நிறத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். கலாவதி நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஷ்யாமளா கேட்டது, ஒன்பது நாள், அச்சு, கோவிலில் பார்த்த பதக்கங்கள். என்னைவிட மூத்தவள், அக்கா என்று கூப்பிட்டேன், கூடப்பிறந்தவளைப்போல நம்பினேன், முதுகில் குத்திவிட்டாள் என்றாள். கைஷா ஒரு தடவை மட்டும் குறுக்கிட்டு, அந்தப் பெண்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் கலாவதி. கைஷா தலையாட்டினாள், அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பிறகு பெட்டியைக் கையில் எடுத்தாள். ஆட்டிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், மீதியையும் கேட்டாள்.

கலாவதி சொல்லி முடித்து அழுதாள். கைஷா அழட்டும் என்று விட்டாள். வழக்கமாக என்றால் தோளைத் தொட்டிருப்பாள். காப்பைக் கையில் ஏற்றினாள், பதக்கத்தை மாட்டினாள், துணி நுனியில் சாவியை முடிந்து முதுகுப்பக்கம் எறிந்தாள். பெட்டியை மட்டும் மாட்டாமல் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"அந்த ஷ்யாமளா உங்களுக்கு என்ன பண்ணிட்டா பாருங்க கைஷா. அவளை நான் சும்மா விடப்போறதில்ல" என்று கலாவதி தன் உடைந்த இங்கிலீஷில் சொன்னாள்.

கைஷா எழுந்தவள் நின்றாள். கோபமில்லாத, மெதுவான குரலில் சொன்னாள்.

"அவளை எனக்குத் தெரியாது கலாவதி. நான் உன்னிடம்தான் கொடுத்தேன்."

வெளியே போய் மிஷினில் உட்கார்ந்தாள். கலாவதி துணிக்கட்டுகளுக்கு நடுவில் இருந்தாள். மூன்று வாரமாக ஷ்யாமளாவைத் துரோகி என்று கருப்பசாமியிடம், ரோஷினியிடம், சாமி படத்தின் முன்னால், காருக்குள் தனியாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் உட்கார்ந்து அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க வாயெடுத்தாள். முடியவில்லை. வெளியே கைஷாவின் மிஷின் ஓடத் தொடங்கியது. கலாவதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளிம்பு அடிக்க வேண்டிய பேன்ட்டுகளை எடுத்துக்கொண்டு, தான் வழக்கமாக உட்காரும் அவள் பக்கத்து இருக்கையைத் தாண்டி, சுவரோரம் இருந்த மூன்றாவது மிஷினில் போய் உட்கார்ந்தாள்.